வெயிலில் வேலை: சன்ஸ்கிரீன், தொப்பி, குளிர்கண்ணாடிக்கு வரிக் கழிவு உண்டா?

கேள்வி:
வணக்கம். ஆஸ்திரேலியாவில் சாலைப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். நாள் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டியிருப்பதால் சன்ஸ்கிரீன், அகல விளிம்புத் தொப்பி, பவர் வைத்த குளிர்கண்ணாடி ஆகியவற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கினேன். இவை எல்லோரும் வாங்கும் பொருள்கள்தாம், கழிவு கிடையாது என்று சொல்லி, வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர் அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். அது சரியா?

பதில் 1:
சரியன்று. வேலையின் தன்மையால் நெடுநேரம் வெயிலில் இருக்க வேண்டியவர், வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2002-இல் மோரிஸ் வழக்கில் ஏற்றது. வரி அலுவலகமும் மறு ஆண்டே தன் விதி விளக்கத்தில் அதை எழுதி வைத்தது. பவர் உள்ள குளிர்கண்ணாடியும் இதில் அடங்கும், சாதாரண மூக்குக்கண்ணாடி அடங்காது. புற ஊதாக் கதிர்த் தடுப்புத் தரக் குறியீடு கொண்ட சட்டைக்குக் கழிவு உண்டு. வழக்கமான முழுக்கைச் சட்டைக்கு இல்லை. முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் எதையும் கோர முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அதே தொப்பியையும் கண்ணாடியையும் வார இறுதியிலும் அணிகிறேன். சன்ஸ்கிரீன் ரசீதுகள் சில தொலைந்துவிட்டன.

பதில் 2:
சொந்தப் பயன்பாட்டுக்குரிய பங்கை நேர்மையாகக் கழித்துவிட்டு, வேலைக்குரிய பங்கை மட்டும் கோருங்கள். ஏழு நாளில் ஐந்து நாள் வேலைக்கு அணிந்தால் ஏழில் ஐந்து பங்கு என்பது எளிதில் விளக்கக்கூடிய கணக்கு. வேலை தொடர்பான கழிவுகள் அனைத்தும் சேர்ந்து 300 டாலரைத் தாண்டாதவரை ரசீது கட்டாயமில்லை என்றாலும், செலவு செய்ததையும் தொகையைக் கணக்கிட்ட விதத்தையும் உங்களால் காட்ட முடிய வேண்டும். தாண்டிவிட்டால், மிகுதிக்கு மட்டுமல்லாமல் முழுத் தொகைக்கும் எழுத்துச் சான்று தேவை. அதை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 300 டாலர் வரை யாரும் கோரலாம் என்று பலர் நம்புவது தவறு, செலவழிக்காத பணத்துக்குக் கழிவே இல்லை.

இன்னொன்று: 100 டாலர் கழிவு என்பது 100 டாலர் கைக்கு வருவதன்று. 2024-25 நிதியாண்டில் 45,001 முதல் 135,000 டாலர் வரையிலான வருமானப் படிநிலையில் இருப்பவருக்கு, மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) தீர்வையை விட்டுப் பார்த்தால், அது 30 டாலர் வரியைத்தான் குறைக்கும். ஆயினும் வெயிலில் உழைத்து, உங்கள் தோலைக் காக்கச் செலவழித்த பணம் அது, விட்டுவிடாதீர்கள். தனிநபர் பொதுவாக வரி அலுவலகத்தின் மதிப்பீட்டு அறிவிப்பு கிடைத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கணக்கைத் திருத்தலாம் என்பதால், விடுபட்டதை இப்போதும் சேர்க்க முடியும்.