பனி ஓய்ந்த மறுநாளே மலையேறலாமா?

பாம்பன் விசைப்படகுக்காரர்:
நண்பர்கள் மூவருடன் பிப்ரவரியில் உத்தராகண்டிலுள்ள கேதார்கந்தா மலைக்குச் செல்லவிருக்கிறேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டை இறக்கி, மீன்துறை டோக்கன் கொடுத்துவிட்டால் நாங்கள் கடலுக்குப் புறப்பட்டுவிடுவோம். அதுபோலவே, பனிப்பொழிவு நின்று வானம் தெளிந்த மறுநாள் ஏறினால் பனிச்சரிவு அபாயம் இராது என்று கருதுகிறேன். இது சரிதானா?

சாயல்குடி, ஓய்வுபெற்ற படைவீரர்:
தம்பி, காஷ்மீரில் பணியாற்றியபோது நாங்கள் மிகவும் அஞ்சியதே அந்த மறுநாளைத்தான். காற்று அடங்கினால் கடலும் அடங்கிவிடும். பனியோ பெய்த ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்காகத் தங்கிவிடும். தெளிந்த கடுங்குளிர் இரவுகளில் பழைய அடுக்கு, வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பைப் போல, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறும். அதன்மேல் புதுப்பனியும், காற்று வாரிக் கொட்டும் பனியும் பலகையாக இறுகிக்கொள்ள, 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில் ஒருவர் கால் வைத்தாலே அந்தப் பலகை ஒடிந்து மொத்தமாகச் சரியக்கூடும். பனி பெய்யாத நாளிலும் பலத்த காற்று மறுபக்கச் சரிவில் பனியைக் குவித்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடக்கும்போது காலடியில் 'வும்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கீழக்கரை, மலையேற்றப் பயிற்சி பெற்றவர்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பனிச்சரிவு எச்சரிக்கையில் ஐந்து நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையை 'நடுத்தரம்தானே' என்று எண்ணிப் புறப்படுவோர் ஏராளம். உண்மையில் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நேர்கிறது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியவர்கள் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சியாளர்களும் மாணவர்களும். இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதையுண்டவரை முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கழி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். அவற்றைக் கையாளவும் முன்பே பழகியிருக்கவேண்டும்.

பாம்பன் விசைப்படகுக்காரர்:
நன்றி. அக்கருவிகளைத் தருவார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்கிறேன். திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்கிறேன்.

சாயல்குடி, ஓய்வுபெற்ற படைவீரர்:
இரண்டு நாளாக ஒதுக்குங்கள், தம்பி. ரயிலைப் பிடிக்கும் அவசரம் இருந்தால் வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்று சொல்வது காதில் ஏறாது.