மருந்து ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாமா?

பாம்பன் பையன்:
அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், சர்க்கரை உண்டு. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள், டெஸ்ட் எல்லாம் இலவசம், பஸ் காசும் உண்டாம். "எலிக்குப் பதிலா இவரா?" என்று அம்மா ஒரே சண்டை.

தங்கச்சிமடம் அக்கா:
தம்பி, முதலில் சிடிஆர்ஐ, அதாவது மருந்து ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009லிருந்து மருந்து ஆய்வுகளுக்கு அது கட்டாயம், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள், அவசரப்படுத்தினால் அதுவே சந்தேகம்தான். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான வைத்தியத்தை அவர்கள் நிறுத்தக்கூடாது.

கீழக்கரை காக்கா:
புது மாத்திரைதான் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீங்க. பல ஆய்வுகளில் சிலருக்குப் புது மாத்திரை, சிலருக்கு வேறு மாத்திரை என்று குலுக்கல் போலத்தான் பிரிப்பார்கள், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

மண்டபம்காரன்:
அதெல்லாம் சரி, நடுக்கடலில் லோ சுகர் வந்தால் யார் பார்ப்பது? ராத்திரித் தொழில், நேரங்கெட்ட சாப்பாடு, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாம்பன் பையன்:
இதை யோசிக்கவே இல்லை அண்ணே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறேன்.