விக்டரி 1:72: மூக்குப் பக்கம் பலகைகள் தூக்கிக்கொள்கின்றன, என்ன செய்யலாம்?

பாய்மரப்பிரியன்:

வணக்கம். எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரி, 1:72 அளவு, இரண்டு அடுக்குப் பலகை ஒட்டும் மரக் கிட் செய்துகொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக்கில் போர்க்கப்பல்கள் செய்து பழக்கம் உண்டு, மரத்தில் இதுதான் முதல். கீலும் (அடிமரம்) பல்க்ஹெட்டுகளும் (அதன் மேல் நிற்கும் குறுக்குச் சட்டங்கள்) கோணல் இல்லாமல் நிற்கின்றன. பீரங்கி ஜன்னல்கள் வெட்டிய பிளைவுட் தகடுகளும் ஒட்டியாகிவிட்டன. சிக்கல் அதற்குக் கீழேதான்.

முதல் அடுக்குக்குக் கொடுத்திருப்பது 6 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனமுள்ள லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) மரப் பலகை. பீரங்கி ஜன்னல்களுக்குக் கீழே தொடங்கி, கீலை நோக்கி இறங்கி வருகிறேன். கப்பலின் நடுவில் எல்லாம் அழகாக உட்காருகிறது. மூக்கை நெருங்க நெருங்க ஒவ்வொரு பலகையும் மேலே உள்ளதன் மீது ஏறப் பார்க்கிறது. கீழே இழுத்துப் பிடித்து ஒட்டினால் மேல் விளிம்பு பல்க்ஹெட்டில் படிகிறது, கீழ் விளிம்பு தூக்கிக்கொள்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் ஓட்டுக் கூரை மாதிரி படிப்படியாக இருக்கிறது. பின்பக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே பலகைகளுக்கு நடுவில் ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழுகிறது.

கிட்டோடு வந்த குறிப்பில் "தேவைக்கேற்பப் பலகையைக் குறுக்கிக்கொள்ளவும்" என்பதோடு முடித்துவிட்டார்கள். எவ்வளவு குறுக்குவது, எங்கிருந்து? தண்ணீரில் இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் படிந்துவிடுமா? ஒட்டியதைப் பிய்க்க வேண்டுமா, அல்லது தேய்த்துச் சமாளிக்கலாமா?

வெள்ளைப்பசை:

இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை நண்பரே. இது முதல் அடுக்கு. மேலே இன்னொரு அடுக்கு வரும், அதற்கும் மேல் நீர்மட்டத்துக்குக் கீழே முழுக்கச் செம்புத் தகடு வரும். உண்மையான விக்டரிக்கே 1780-இல் செம்பு அடித்து மூடிவிட்டார்கள், அடியில் பலகை எப்படி ஓடுகிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? மரத்தூளில் வெள்ளைப் பசை குழைத்து மக்கு வையுங்கள், உப்புத்தாள் போட்டு இழுங்கள், அடுத்த வேலையைப் பாருங்கள்.

அரைமில்லி:

வெள்ளைப்பசை சொல்வது பாதி சரி. இடைவெளிக்கு மக்கு வைக்கலாம், தப்பே இல்லை. மேட்டுக்கு மக்கு உதவாது. செம்புத் தகடு காகிதம் போல மெல்லியது, அடியில் இருக்கும் ஒவ்வொரு புடைப்பையும் அப்படியே எடுத்துக் காட்டும். பள்ளம் மறையும், மேடு மறையாது. தேய்த்தே சரிசெய்கிறேன் என்று போனால் 1.5 மி.மீ. கனம் மூக்கு வளைவில் சீக்கிரமே ஓட்டையாகிவிடும்.

பிரியன், தண்ணீர் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

பல்க்ஹெட் விளிம்புகளைச் சாய்வாகச் சீவினீர்களா? முன்னால் இருக்கும் மூன்று நான்கு பல்க்ஹெட்டுகளின் விளிம்பு லேசர் வெட்டியபடி சதுரமாகவே இருந்தால், பலகை ஒரு முனையில் மட்டும்தான் தொடும். ஒட்டாத ஒரு பலகையை மூன்று பல்க்ஹெட் மேல் படுக்க வைத்து, எதிர்ப்பக்கம் விளக்கை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் சீவ வேண்டும்.

அடுத்தது அளவு. சரியாக உட்கார்ந்திருக்கும் மேல் வரிசையின் கீழ் விளிம்பிலிருந்து கீல் வரைக்கும், ஒரு காகிதக் கீற்றைப் பல்க்ஹெட் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்க வேண்டும். நடுவில் உள்ள அகலமான பல்க்ஹெட், மூக்கில் முதலாவது, பின்னால் கடைசி, இந்த மூன்றும் போதும்.

பாய்மரப்பிரியன்:

முன் பல்க்ஹெட்டுகள் சதுரமாகத்தான் இருக்கின்றன. சீவச் சொல்லிக் குறிப்பில் எதுவும் இல்லை. விளக்கு வைத்துப் பார்த்தேன், நன்றாகவே வெளிச்சம் வருகிறது.

முதல் வரிசை மட்டும் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது, அதன் கீழிருந்து அளந்தேன். நடுவில் 181 மி.மீ., மூக்கில் 96, பின்னால் 193.

அரைமில்லி:

இந்த மூன்று எண்ணிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நடுவில் 181-ஐ 6-ஆல் வகுத்தால் 30 பலகை. அதே 30 பலகையும் மூக்கில் 96 மி.மீ.க்குள் அடங்க வேண்டும், ஆக ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 3.2 மி.மீ. தான். முழு 6 மி.மீ. பலகையை அங்கே கொண்டுபோனால் அது மேலே ஏறாமல் வேறு எங்கே போகும்? மரப் பலகை தட்டையாக வளையும், திருகும், ஆனால் விளிம்புவாக்கில் வளைய மறுக்கும். பலவந்தமாக இழுத்தால் உள்வளைவில் நெருங்கும் விளிம்பு இடமில்லாமல் வெளியே பிதுங்குகிறது. நீங்கள் பார்க்கும் படிக்கட்டு அதுதான். எத்தனை நேரம் ஊறினாலும் 6 மி.மீ. பலகை 3 மி.மீ. ஆகப்போவதில்லை.

வரிசையாக நின்று போரிடும் பெரிய போர்க்கப்பல்களில் இந்தத் தொல்லை கூடுதல். பிரிகேட் எனும் சிறிய, வேகமான போர்க்கப்பல்களின் மூக்கு கூர்மையாக இருக்கும், பலகை நீளமாக வழுக்கிக்கொண்டு போகும். விக்டரி மாதிரி மூன்று பீரங்கித் தளம் உள்ள கப்பலின் மூக்கு உருண்டையானது, நீர்மட்டத்தில் சட்டென்று திரும்பும். முதல் மரக் கப்பலாக விக்டரியை எடுத்தால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வரிசைக்குக் கீழே ஒட்டியதை எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பசையாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவிச் சற்று விட்டால் இளகும். சூப்பர் குளூவுக்கு அசிட்டோன். பிய்த்து இழுக்காதீர்கள், பல்க்ஹெட் பிளைவுட் அடுக்கும் சேர்ந்து வரும்.

பிறகு விளிம்புகளைச் சீவுங்கள். மூக்கில் ஒவ்வொரு பல்க்ஹெட்டின் முன் விளிம்பையும், பின்னால் பின் விளிம்பையும். நீளமான கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, இரண்டு மூன்று பல்க்ஹெட்டையும் சேர்த்தாற்போல் தேய்த்தால் வளைவு ஒரே ஓட்டமாக வரும், தனித்தனியாகத் தேய்த்தால் வராது. முதல் பல்க்ஹெட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் பால்சா (மென்மையான, லேசான மரம்) கட்டை அடைத்துச் செதுக்கிவிடுங்கள். கிட்டில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த உருண்டையில் பலகை பிடித்து நிற்க ஒரு தளம் வேண்டும்.

இதற்கு அப்புறம்தான் பலகை. முப்பதையும் ஒரே மூச்சில் கணக்குப் போட வேண்டாம். வரிசைக்கும் கீலுக்கும் இடையே முன்னும் பின்னுமாக இரண்டு கறுப்பு நூல்களை ஓடவிட்டு மூன்று பட்டிகளாகப் பிரியுங்கள், பட்டிக்குப் பத்துப் பலகை. நூல் எந்த இடத்திலும் நெளியக்கூடாது, தள்ளி நின்று பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குச் சரியாகப்பட்டதும் பென்சிலால் ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் குறியுங்கள். அந்தக் குறிக்குள் பட்டியைப் பத்தாகப் பிரித்தால் அந்தந்த இடத்தில் பலகையின் அகலம் தெரிந்துவிடும். அகலத்தைப் பலகையில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து ஒரு விளிம்பை மட்டும் இழைப்புளியால் சீவுங்கள். நடுவில் முழு அகலம் இருக்கட்டும்.

இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தையே முடித்துக்கொண்டு போனால் கீல் முறுக்கிக்கொள்ளும், பிறகு நிமிர்த்தவே முடியாது. பசை என் கையில் வெள்ளைப் பசைதான். நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். பலகை முனையைப் பிடித்து நிறுத்த ஒரு பொட்டு சூப்பர் குளூ போதும்.

பின்னால் நிலைமை வேறு, அங்கே 12 மி.மீ. அதிகம். பலகையை இழுத்து அகலமாக்க முடியாது. எல்லாம் தானாகப் படியட்டும், ஆப்பு வடிவ இடைவெளி விழும் இடத்தில் ஒரு முனை கூரான பலகைத் துண்டுகளைச் சொருகுங்கள். இரண்டு போதும். நிஜக் கப்பல் தச்சர்களும் இப்படி இடைத்துண்டு வைத்திருக்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

சீவுளி:

ஊறவைப்பது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான். ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். ஈரத்தோடு நெருக்கி ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை விரிசல் விடும். நனைத்தால் கப்பல் மேல் கிளிப் போட்டு வடிவத்தில் காயவிட்டு, அப்புறம் பசை.

நான் நனைப்பதையே விட்டுவிட்டேன். மரத்தை வளையவைப்பது சூடுதான், அதன் நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும். பலகையை மேசை மேல் படுக்கப்போட்டு, விளிம்புவாக்கில் மெல்ல வளைத்து, இரண்டு முனையிலும் நடுவிலும் கிளாம்ப் போட்டு, முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி ஆறவிடுவேன். கொஞ்சம் திரும்பி வரும், அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் வளைத்துவிட வேண்டும். லைம் மரம் சொன்னபடி கேட்கும். இரண்டாம் அடுக்கு வால்நட்டாக இருந்தால் பொறுமையாக, அது பட்டென்று முறியும்.

தூரிகை:

இடையில் ஒரு குறுக்குக் கேள்வி, மன்னிக்கவும். நானும் விக்டரிதான், 1:100. பக்கவாட்டு மஞ்சள் எந்த நிறம்? பழைய பெட்டிப் படங்களில் அடர் மஞ்சள், புதிய புகைப்படங்களில் வெளிறிய நிறம்.

அரைமில்லி:

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் அசல் கப்பலின் பழைய பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்து 2015-இல் வெளிறிய நிறத்துக்கு மாற்றினார்கள். 1805 டிராஃபல்கர் போரில் இருந்த நிலை என்றால் நான் அந்த வெளிறிய நிறத்தையே எடுப்பேன். சிறிய அளவில் அடர் நிறங்கள் இன்னும் அடர்த்தியாகத் தெரியும் என்பது இன்னொரு காரணம். தனி இழை தொடங்குங்கள், இங்கே பலகையைப் பார்ப்போம்.

பாய்மரப்பிரியன்:

பல்க்ஹெட் சீவி, பால்சா அடைத்து, நூல் கட்டி, இரண்டு பட்டிகள் முடிந்தன. தடவினால் ஒரே வழவழப்பு. எல்லோருக்கும் நன்றி.

மூன்றாவது பட்டியில்தான் நிற்கிறேன். மூக்கில் மேல் பட்டி 36 மி.மீ., அடுத்தது 34 எடுத்துக்கொண்டதால் கடைசிக்கு மீதி 26 தான். பத்துப் பலகைக்கு 2.6 வருகிறது. அவ்வளவு ஒல்லியாகச் சீவினால் முனை பிளந்துகொள்கிறது. நூலைக் கொஞ்சம் மேலே தள்ளியிருக்க வேண்டுமோ?

அரைமில்லி:

நூல் நன்றாக ஓடியிருக்கிறது என்றால் அதைக் குறை சொல்ல வேண்டாம். அகலம் பாதிக்குக் கீழே போனால், அதாவது 3 மி.மீ.க்குக் கீழே, சீவுவதை நிறுத்திவிட்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பத்துக்குப் பதில் மூக்கில் எட்டு முனைகள் போதும், ஒவ்வொன்றும் 3.25.

அதற்கு வழி: அருகருகே வரும் இரண்டு பலகைகளை, மூக்குக்குச் சற்று முன்னால் ஒரு பல்க்ஹெட் மேல் வைத்தே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டும் ஆளுக்கு 3.5 மி.மீ. இருந்தால், அடுத்து வரும் ஒரே பலகை 7 மி.மீ.யில் தொடங்கி மூக்குக்குள் போகும்போது குறுகும். உங்களிடம் இருப்பது 6 மி.மீ. பலகை, எனவே இரண்டும் தலைக்கு 3 ஆகும் பல்க்ஹெட்டைத் தேடி அங்கே சேருங்கள். பட்டியில் இப்படி இரண்டு இடம். ஒன்றுக்கொன்று பக்கத்தில் வேண்டாம், நடுவில் குறைந்தது மூன்று வரிசையாவது விடுங்கள். இடத்திலும் வலத்திலும் ஒரே பல்க்ஹெட்டில் வந்தால் நல்லது.

கீலை ஒட்டி வரும் கடைசிப் பலகை பற்றி ஒன்று. அதை மூக்கு வளைவோடு மேலே ஏற்றாதீர்கள். கீல் நேராக இருக்கும் வரைக்கும் முழு அகலத்தில் ஓட்டி, வளைவு தொடங்கும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். ஏற்றினால் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் இடம் இன்னும் குறையும், 2.6 என்பது 2 ஆகிவிடும். உங்கள் 26 மி.மீ.கூட அங்கேதான் கரைந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முதலில் அதைப் பாருங்கள்.

பாய்மரப்பிரியன்:

ஆமாம், கீல் பலகையை முதலிலேயே ஒட்டிவிட்டு அளந்தேன். அது மூக்கில் நன்றாகவே மேலே ஏறியிருக்கிறது. அதை வெட்டி எடுத்ததும் 31 மி.மீ. கிடைக்கிறது, பத்துக்கும் 3.1. ஒரு பலகையும் நிறுத்த வேண்டியதில்லை போலிருக்கிறது.

சீவுளி:

பத்து வேண்டாம், ஒன்பதாகவே வையுங்கள். 3.1-இல் பென்சில் கோட்டுக்கே இடம் இல்லை, சீவும்போது கை நழுவினால் போச்சு.

வெள்ளைப்பசை:

செம்பு ஒட்ட வரும்போது பின்பக்கம் கீலருகே தொடங்கி முன்னும் மேலுமாக வாருங்கள். முன் தகட்டின் பின் விளிம்பு பின் தகட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், அப்போதுதான் ஓடும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது. தகடு நிஜத்தில் 4 அடிக்கு 14 அங்குலம், உங்கள் அளவில் 17-க்கு 5 மி.மீ. வரும். கிட்டில் கொடுத்திருப்பதை ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.