முப்பது பவுண்டுக்கு அன்று தோன்றியபடி பாடியதை இன்று அச்சுப்பிசகாமல் பாடுவது அஞ்சலியா?

நான்காம்வரிசை:
நேற்றிரவு ஒஹையோவில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் சமூக நாடக அரங்கில், ஆங்கிலேய ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டை, அஞ்சலி நிகழ்ச்சி என்று சுவரொட்டி போட்டு, முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தார்கள். 1973இல் வந்த தட்டு, மொத்தம் சுமார் 43 நிமிடம். வாசித்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்: பள்ளி ஆசிரியர், தச்சர், பல் மருத்துவர். போன வாரம் முடிந்த நாடகத்தின் சமையலறைச் சுவரைக்கூட அகற்றவில்லை, மேடையோரம் சாத்தி வைத்திருந்தார்கள். அதன் முன்னால், தட்டின் தொடக்கத்தில் வரும் அந்த இதயத்துடிப்பு ஒலி கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொற்களே இல்லாமல் குரல் மட்டும் அழுது ஓங்கித் தணியும் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யைச் செவிலியர் ஒருவர் பாடினார். தட்டில் இருப்பது போலவே, மூச்சு வாங்கும் இடம் உட்பட. பக்கத்து இருக்கைப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு காட்சி இருக்கிறது, அருகில் இருப்பவர்கள் தவறவிடாதீர்கள்.

பழையஒலிநாடா:
“மூச்சு வாங்கும் இடம் உட்பட” என்று நீங்கள் பாராட்டுகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அந்தப் பாட்டின் கதை தெரியுமா? 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி என்ற இளம் பாடகியை லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார்கள். வரிகள் கிடையாது, பாட வேண்டிய மெட்டைக்கூட யாரும் எழுதித் தரவில்லை. தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடினார். கூலி முப்பது பவுண்டு. தோன்றியதைப் பாடியதால்தான் அது அப்படி இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர் டோரி செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்கிறார். ஒருவர் தடுக்கி விழுந்ததை இன்னொருவர் ஒத்திகை பார்த்து விழுந்து காட்டுவது போல.

இன்னொன்று, அந்தக் குழுவின் வாட்டர்ஸும் கில்மரும் நன்றாக இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிற வழக்கம் நம் ஊரில் இல்லை.

தாளக்காரி:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. அதே தட்டில் வரும் ‘மணி’ (Money) பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகுமே, நம் மிஸ்ரம் போல. கூட்டம் கை தட்டியதா?

நான்காம்வரிசை:
தட்டியது, நான்கில். மூன்றாவது சுற்றுக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். கிட்டார் தனி வாசிப்பில் பாட்டே நான்குக்கு மாறும் இல்லையா, அங்கேதான் எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

ஒலிநாடா ஐயாவுக்கு: தியாகராஜர் கீர்த்தனையை இருநூறு ஆண்டுகளாக ஊரே பாடுகிறது. யாராவது அதை நகல் என்று சொல்கிறோமா? பிங்க் ஃபிளாய்டின் நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் வாசித்தது 2005 ஜூலையில், லண்டன் ஹைட் பார்க்கில். 2008இல் அவர்களில் ஒருவரான, கீபோர்டு வாசித்த ரைட் இறந்துபோனார். இந்த இசையை ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்க எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பழையஒலிநாடா:
கீர்த்தனை உவமை உங்களுக்கு எதிராகத்தான் போகும் நண்பரே. கீர்த்தனையைப் பாடுகிறவர் ஒரே வரியைப் பலவிதமாக மாற்றிப் பாடி நிரவல் செய்கிறார், ஸ்வரம் போடுகிறார், ராகத்தை அன்றைக்குத் தோன்றியபடி விரிக்கிறார். ஒரு வித்வானின் இசைத்தட்டை அவருடைய இருமல் முதல் அப்படியே பாடிக் காட்டினால் நாம் அதைப் பலகுரல் நிகழ்ச்சி என்போம்.

பிங்க் ஃபிளாய்டே தங்கள் தட்டை இவ்வளவு புனிதமாக நினைக்கவில்லை. பதிவு செய்வதற்கு முன், 1972இல், ஓராண்டு அதை மேடையில் வாசித்து மாற்றிக்கொண்டே இருந்தார்கள். டோரி பாடிய இடத்தில் அப்போது பாடும் குரலே கிடையாது. 1988, 1994 சுற்றுப்பயணங்களில் அதே பகுதியை மூன்று பாடகிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். உங்கள் பல் மருத்துவர்தான் வேதம் போலக் காப்பாற்றுகிறார்.

திரைக்குப்பின்:
வேறொரு மாநிலத்தில் இதே போன்ற அரங்கில் எட்டு ஆண்டுகளாக விளக்குப் பொறுப்பைப் பார்க்கிறேன், சம்பளமில்லாமல்தான். கலைத் தூய்மை பேசுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஓர் இசை நாடகம் போட வேண்டுமானால், உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அந்த நாடகத்துக்கென்றே அனுமதி வாங்க வேண்டும். காட்சிக்கு இவ்வளவு என்று கட்டணம், அதற்குமேல் உடை, அரங்கப்பொருள், ஆறு வார ஒத்திகை. கச்சேரிக்கு அந்தப் பாடு இல்லை. இசையமைப்பாளர்களுக்காக உரிமத் தொகை வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளின் பொது உரிமம் அரங்கிடம் இருந்தால் போதும். நிரம்பிய இரண்டு கச்சேரிகள் யாரும் பார்க்க வராத ஒரு நல்ல நாடகத்தைத் தாங்கும். எங்கள் கூரை ஒழுகியபோது அதைச் சரிசெய்தது ஷேக்ஸ்பியர் இல்லை, எழுபதுகளின் கிட்டார்தான்.

இதையும் சொல்கிறேன். அந்தப் பாட்டின் இசையமைப்பில் தனக்கும் பங்கு உண்டு என்று டோரி 2004இல் வழக்குத் தொடுத்தார், மறு ஆண்டே நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதன்பின் வந்த பதிப்புகளில் ரைட்டோடு அவர் பெயரும் இசையமைத்தவராக இருக்கிறது. மேடை உரிமக் கட்டணம் இசையமைத்தவருக்குத்தான் போகும், பாடியவருக்குப் போகாது. இனி யார் எங்கே அதைப் பாடினாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

பழையஒலிநாடா:
ஏட்டில் உண்டு. சின்ன அரங்கில் எந்த இரவில் எந்தப் பாட்டு என்று பெரும்பாலும் யாரும் தனித்தனியாகக் கணக்கெடுப்பதில்லை. பணம் பொதுப் பானைக்குப் போகிறது, வானொலியில் அதிகம் ஒலித்தவர்களுக்கும் பெரிய சுற்றுப்பயணக்காரர்களுக்கும் அதிகம் போய்ச் சேர்கிறது. கூரை வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். கூரைக்காக வாசிக்கிறோம் என்று சுவரொட்டியில் போடட்டுமே, அஞ்சலி என்று ஏன் போட வேண்டும்?

தாளக்காரி:
1996இல் கில்மர் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாசிக்க அழைத்தது ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோவை, அதாவது அடிலெய்டில் தொடங்கிய ஓர் அஞ்சலிக் குழுவை. அவருக்கே இல்லாத வருத்தம் உங்களுக்கு எதற்கு?

பழையஒலிநாடா:
பிறந்தநாள் விருந்தில் நம்மைப் போலவே நடித்துக் காட்டினால் யாருக்கும் சிரிப்பு வரும். அது சான்றிதழ் ஆகாது.

நான்காம்வரிசை:
நிகழ்ச்சி முடிந்து முகப்பில் தேநீர் கொடுத்தார்கள். அந்தச் செவிலியரிடம் எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நாற்பது நிமிடமும் காரில் பாடுவாராம், நான்கு மாதமாக. முதல் மாதம் தட்டோடு சேர்ந்து பாடியிருக்கிறார். பிறகு வார்டில் மோசமான இரவாக இருந்தால் தட்டை நிறுத்திவிட்டுத் தானே கத்துவாராம். “மேடையில் அதைச் செய்யத் துணிச்சல் இல்லை, எல்லோருக்கும் தட்டு மனப்பாடம்” என்றார்.

பழையஒலிநாடா:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே! காரில் பாடியதைத்தான் நான் கேட்கிறேன். அதற்கு டிக்கெட் போட்டால் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வருவேன்.

நான்காம்வரிசை:
ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் காட்சி. அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன், உறுதி தர முடியாது. வண்டியை அரங்குக்குப் பின்னால் நிறுத்துங்கள், முன்பக்கம் தேவாலயத்துக்காரர்களின் இடம்.