6/8-ல் குட்டி நோட்டையும் சேர்த்து எண்ணினா பார் நிரம்பி வழியுது, எங்கே தப்பு?

ஆறெட்டு கேட்டது:

மெதுவான பியானோ துண்டு ஒண்ணு, தாளக்குறி 6/8, அதாவது ஒரு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஆறு க்வேவர், மூணு மூணா ரெண்டு பீட். க்ராட்செட்னா ரெண்டு க்வேவர், செமிக்வேவர்னா அரை, புள்ளி வச்சா நீளம் பாதி கூடும். மேலே "புள்ளி வச்ச க்ராட்செட் = 48"னு போட்டிருக்கு. ரெண்டு பாரில் மாட்டிக்கிட்டேன்.

5-வது பார், வலது கை: புள்ளி வச்ச க்வேவர், செமிக்வேவர், க்வேவர். அடுத்து ஒரு குட்டி க்வேவர் (காம்பில் குறுக்குக்கோடு இல்லை), அதோட ஒட்டி க்ராட்செட், கடைசியா ஒரு க்வேவர். கூட்டினா ஏழு க்வேவர் வருது. ஆறுதானே வரணும்? அச்சுப்பிழையா?

6-வது பார்: குறுக்குக்கோடு போட்ட குட்டி டி ஷார்ப், அதை ஒட்டி புள்ளி வச்ச க்ராட்செட் ஈ. பிறகு எஃப், ஈ, டி மூணும் க்வேவர். ரெண்டு பாரிலும் ஒவ்வொரு பீட்டுக்கும் இடது கையில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) இருக்கு.

முதல் குட்டி நோட்டுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கணும், ரெண்டாவதுக்கு எவ்வளவு? இடது கை கார்டு குட்டி நோட்டோட விழணுமா, பெரிய நோட்டோடயா? 6-வது பாரின் கடைசி டி ஷார்ப்பா, சாதாரண டி-யா? மெட்ரோனோமை 48-ல வச்சு வாசிச்சாலும் கணக்கு உதைக்குது.

தகிட எழுதியது:

அச்சுப்பிழை இல்லை. சின்ன அளவில் அச்சான நோட் எதுவும் பாரின் கூட்டலில் சேராது. பெரிய நோட்டுகளை மட்டும் கூட்டுங்கள்: 1½ + ½ + 1, பிறகு 2 + 1. ஆறு சரியாக வந்துவிடும். கிரேஸ் நோட் (இந்தக் குட்டி நோட்) சொந்தமாக நேரம் கொண்டுவருவதில்லை. முன்னால் இருக்கும் நோட்டிடமோ, தான் ஒட்டியிருக்கும் நோட்டிடமோ கடன் வாங்கும். யாரிடம், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதற்குப் போகும் முன் உங்கள் பாரின் முதல் பாதியைக் கவனியுங்கள். கணக்கு உதைப்பது குட்டி நோட்டால் மட்டும் இருக்காது. புள்ளி வைத்த க்வேவர், செமிக்வேவர், க்வேவர் என்ற அமைப்பைப் பலரும் மூன்று சம நோட்டுகளாக இழுத்துவிடுவார்கள். அல்லது செமிக்வேவரைச் சீக்கிரம் போட்டுவிட்டு மூன்றாவது க்வேவருக்காகக் காத்திருப்பார்கள். ஒரு பீட்டை ஆறு செமிக்வேவராக உடைத்து "தக தக தக" என்று சொல்லுங்கள். விரல் விழ வேண்டிய இடங்கள் 1, 4, 5. அதாவது முதல் "த", இரண்டாவது "க", மூன்றாவது "த". 2, 3, 6 மூன்றிலும் விரல் அசையக்கூடாது, ஆனால் வாய் நிற்கவே கூடாது. வாய் நின்றால் அந்தச் செமிக்வேவர் இடம் மாறிவிடும்.

இரண்டாம் பாதியைக் குட்டி நோட் இல்லாமல் வாசித்தால் 1, 5. க்ராட்செட் நான்கு செமிக்வேவர் நீளம், க்வேவர் இரண்டு.

இப்போது குட்டி நோட். கோடு இல்லாத அது அப்போஜியத்தூரா. பொது விதிப்படி தான் ஒட்டியிருக்கும் நோட்டில் பாதியை எடுத்துக்கொள்ளும். க்ராட்செட்டில் பாதி க்வேவர், அச்சில் இருப்பதும் குட்டி க்வேவர்தான். ஆக 1-ல் குட்டி நோட், 3-ல் க்ராட்செட்டாக எழுதிய நோட், 5-ல் கடைசி க்வேவர். காதில் மூன்று சமமான க்வேவர்களாகக் கேட்கும். முழு பார்: 1, 4, 5, அடுத்து 1, 3, 5. அழுத்தம் குட்டி நோட்டில், அது இறங்கும் நோட் மெலிதாக. பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: குட்டி என்பதால் குட்டியை மெலிதாக வாசிப்பார்கள். அப்போஜியத்தூராவின் உயிரே அந்த உரசலில்தான் இருக்கிறது. கார்டோடு ஒட்டாத சுரம் பீட்டின் மேல் உட்கார்ந்து பிறகு இறங்க வேண்டும். அதனால் 5-வது பாரில் இடது கை கார்டு குட்டி நோட்டோடு விழும்.

6-வது பாரின் கடைசி டி ஷார்ப்தான். குட்டி நோட்டில் போட்ட ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் எல்லாம் அதே கோட்டில் அல்லது இடைவெளியில் அந்த பார் முடியும் வரை செல்லும். சாதாரண டி வேண்டும் என்றால் அங்கே நேச்சுரல் குறி இருந்தாக வேண்டும். அடுத்த பாரில் தானாகவே சாதாரண டி ஆகிவிடும்.

மெட்ரோனோம்: உங்கள் 48 ஒவ்வொன்றும் மூன்று க்வேவர் நீளம். சில ஆப்களில் தட்டு க்ராட்செட்டுக்குத்தான் என்று வைத்திருப்பார்கள். அங்கே 48 போட்டால் துண்டு மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஊர்ந்து போகும், தட்டும் பீட்டோடு ஒட்டாது. க்ராட்செட் கணக்கில் இதே வேகம் 72, க்வேவர் கணக்கில் 144. பழக க்வேவருக்கு ஒரு தட்டாக வைத்து 96-ல் ஆரம்பியுங்கள். 108, 120, 132, 144 என்று ஏற்றுங்கள். 144-ல் சரியாக வந்தபிறகு 48-க்கு மாற்றினால் இடையில் இருக்கும் இரண்டு க்வேவரும் உள்ளுக்குள் ஓடும்.

எஃப்_சாவி எழுதியது:

6-வது பார் சுலபம். கோடு போட்டது அச்சியக்கத்தூரா. அது எப்பவுமே பீட்டுக்கு முன்னாடி, கண் சிமிட்டுற நேரம்தான். பெரிய ஈ-யும் இடது கை கார்டும் சேர்ந்து பீட்டில் விழணும்.

வெள்ளைக்கட்டை எழுதியது:

"எப்பவுமே"ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்புறம் வந்த இசைக்கு நீங்க சொல்றது பெரும்பாலும் சரி. அதுக்கு முந்தினதுக்குப் பல இடத்தில் பொருந்தாது. 18-ம் நூற்றாண்டில் இந்தச் சின்ன அலங்காரங்களுக்கு வழக்கம் பீட்டின் மேலேயே தொடங்குறதுதான். கார்டும் குட்டி நோட்டும் ஒரே நேரத்தில் விழும், பெரிய நோட் ஒரு மயிரிழை தாமதமா வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது, ஆனா காது கண்டுபிடிச்சுடும். முன்னாடி போட்டா துள்ளல், பீட்டில் போட்டா கடி.

குறுக்குக்கோட்டையும் கண்ணை மூடிட்டு நம்பக்கூடாது. 18-ம் நூற்றாண்டுக் கையெழுத்தில் தனியா நிற்கிற செமிக்வேவரையே ஒரு வால், அதில் ஒரு வெட்டுன்னு எழுதுற பழக்கம் உண்டு. மோட்ஸார்ட் கைப்பிரதிகளில் அது சாதாரணம். அதை அச்சில் அப்படியே எடுத்தா நம்ம கண்ணுக்கு அச்சியக்கத்தூரா மாதிரி தெரியும். அவர் எழுதினது செமிக்வேவர் மதிப்புள்ள குட்டி நோட், அவ்வளவுதான்.

ஆறெட்டு, உங்க துண்டு எந்தக் காலத்தது? மேலே இருக்கிற 48 எடிட்டர் போட்டதா?

ஆறெட்டு:

18-ம் நூற்றாண்டு நடுப்பகுதி. 48 அடைப்புக்குறிக்குள்ள இருக்கு. இன்னொண்ணு, 9-வது பாரில் கோடு இல்லாத குட்டி நோட், அதை ஒட்டி புள்ளி வச்ச க்ராட்செட், அதுக்கு டை (ரெண்டையும் ஒரே நீளமான ஒலியா இணைக்கிற வளைகோடு) போட்டு அதே சுரத்தில் இன்னொரு க்ராட்செட், பிறகு க்வேவர் ரெஸ்ட். பாதின்னா எதில் பாதி?

வெள்ளைக்கட்டை:

அடைப்புக்குறின்னா எடிட்டர் வேலைதான். மெட்ரோனோம் எண்ணே 19-ம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்துச்சு. அதை ஆலோசனையா எடுத்துக்கோங்க.

இந்தக் காலத்து இசைன்னா விதி எழுத்திலேயே இருக்கு. குவான்ட்ஸ் 1752-ல், சி. பி. இ. பாக் 1753-ல் தங்கள் பாட நூல்களில் விவரமா எழுதியிருக்காங்க. ரெண்டாகப் பிரியும் நோட்டில் பாதி. புள்ளி வச்ச நோட்டில் மூன்றில் ரெண்டு பங்கு குட்டிக்கு, மிச்சம் ஒரு பங்குதான் பெரிய நோட்டுக்கு. 6/8-ல் தனியா நிற்கிற புள்ளி வச்ச க்ராட்செட்னா குட்டி நோட் க்ராட்செட் நீளம் நிற்கும், பெரிய நோட் கடைசி க்வேவரில் வரும். முதல் தடவை கேட்கிறவங்களுக்கு அநியாயமாத்தான் தோணும்.

உங்க 9-வது பார் அதைவிட ஒரு படி மேலே. 6/8-ல் புள்ளி வச்ச நோட்டுக்கு டை போட்டு நீட்டியிருந்தா, குட்டி நோட் அந்தப் புள்ளி வச்ச நோட் முழுசையும் எடுத்துக்கும். பெரிய சுரம் டையோட மறுமுனையில்தான், அதாவது ரெண்டாவது பீட்டில்தான் ஒலிக்கும். "தக தக தக" கணக்கில் முதல் பீட் முழுக்கக் குட்டி, ரெண்டாவது பீட்டின் 1-ல் பெரியது, 5-ல் ரெஸ்ட். டையை மறந்துட்டு நடுவில் எங்கேயாவது இறங்கிட்டா ரெண்டாவது பீட்டுக் கார்டுக்கு மேலே ஒண்ணும் நடக்காம வெறிச்சுனு இருக்கும். தப்புன்னு தெரிஞ்சுக்க அதுவே அடையாளம்.

இதெல்லாம் பொருந்தாத இடமும் உண்டு. அதே சுரம் திரும்பத் திரும்ப வரும்போது, ட்ரிப்லெட்டுக்கு (ரெண்டு நோட் நேரத்தில் வர்ற மூணு நோட்டுக்கு) முன்னாடி, வேகமான நோட்டுகளுக்கு முன்னாடி குட்டி நோட் குறுகியதா இருக்கணும்னு பாக்கே சொல்றார். நீளமா எடுத்தா அடிப்படைத் தாளமே முகம் மாறிடும்.

6-வது பாருக்கு வருவோம். அந்த எடிஷனின் கோட்டை எடிட்டர் குறுகியதுன்னு புரிஞ்சுக்கிட்டதா எடுத்து, பீட்டில் கார்டோட டி ஷார்ப்பைத் தொட்டு உடனே ஈ-க்குப் போங்க. அரை ஸ்வரம் கீழேயிருந்து மேலே ஏறுறதால குறுகியதா வாசிச்சாலே போதுமான கடி இருக்கு. விரல் 2, 3. ரெண்டாவது விரலாலேயே கருப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக்கு வழுக்கி இறங்குறவங்களும் உண்டு, அதில் நீளத்தைக் கட்டுப்படுத்துறது கஷ்டம். டி ஷார்ப்பை விடாம ஈ-யோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டா குழப்பமாக் கேட்கும். பெடல் வேற அமுங்கியிருந்தா இன்னும் மோசம், அந்த இடத்தில் ஈ விழுந்தபிறகு பெடல் மாத்துங்க.

எஃப்_சாவி:

சரி, "எப்பவுமே"யை எடுத்துட்டேன். பெடல் பேச்சு வந்ததால ஒண்ணு: காதல் காலத்துப் பியானோ இசையில் இடது கையில் தாழ்ந்த குட்டி நோட் ஒண்ணு, அதிலிருந்து ரெண்டு ஆக்டேவ் தாண்டி கார்டுன்னு வரும். அங்கே உங்க அறிவுரைக்கு நேர் எதிர். குட்டி நோட் விழும்போதே பெடல் அமுங்கியிருக்கணும், இல்லைன்னா கை தாவினதும் பேஸ் காணாமப் போயிடும். வழக்கமா பீட்டில் பெடல் மாத்துற பழக்கம்தான் இங்கே காலை வாரிவிடும்.

தகிட:

ஆப்பில் போட்டுக் கேட்டுச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நொட்டேஷன் கோப்புகளைப் பரிமாறப் பயன்படும் மியூசிக்எக்ஸ்எம்எல்-இல் சாதாரண நோட்டுக்கு நீளம் என்று ஒரு பதிவு உண்டு, கிரேஸ் நோட்டுக்கு அது கிடையாது. குறுக்குக்கோடு உண்டா இல்லையா என்பதும், முன் நோட்டிலிருந்தோ பின் நோட்டிலிருந்தோ எத்தனை சதவீதம் நேரம் எடுக்கலாம் என்பதும் விருப்பக் குறிப்புகள் மட்டுமே. கோப்பைத் தயாரித்தவர் அதை விட்டுவிட்டால் ஆப் தன் இஷ்டத்துக்கு ஒரு நீளம் வைக்கும். மிடி கோப்பில் கிரேஸ் நோட் என்ற வகையே இல்லை. எந்தக் கட்டை எப்போது அமுங்கியது, எப்போது எழுந்தது என்பது மட்டும்தான். அதனால் மிடியை நொட்டேஷனாக மாற்றினால் அலங்காரங்கள் எல்லாம் டெமிசெமிக்வேவரும் (கால் க்வேவர்) டையுமாகச் சிதறி, படிக்கவே முடியாத பார் ஒன்று வந்து நிற்கும்.

தோல்கருவி எழுதியது:

ட்ரம்ஸ் நோட்டேஷன் படிக்கிறவங்க இதைத் தனியா வச்சுக்கோங்க. அங்கே பீட்டில் விழுறது பெரிய அடிதான், குட்டி அடி அதுக்கு முன்னாடி. ஒரு குட்டி இருந்தா ஃப்ளாம், ரெண்டு இருந்தா ட்ராக். ரெண்டு குச்சியையும் ஒரே உயரத்திலிருந்து இறக்கினா ரெண்டும் ஒண்ணா விழுந்து ஃப்ளாம் தட்டையாயிடும். குட்டி அடிக்கிற குச்சி தோலுக்கு அஞ்சு சென்டிமீட்டர் மேலே, மற்றது நல்லா உயரத்தில். ரெண்டையும் ஒரே நேரத்தில் இறக்குங்க, உயர வித்தியாசமே இடைவெளியைப் பார்த்துக்கும்.

ஸ்காட்லாந்து பேக்பைப் தாளைப் பார்த்தா மிரள வேண்டாம். அந்தக் குழலில் சத்தம் நிற்கவே நிற்காது, ஒரே சுரத்தை ரெண்டு தடவை வாசிக்க நடுவில் கிரேஸ் நோட் வெட்டினாத்தான் முடியும். அதனால் பார் முழுக்கக் குட்டி நோட்டா இருக்கும். எல்லாத்துக்கும் மூணு வால், காம்பு மேல்நோக்கி. மெட்டுக்கான நோட்டுகளின் காம்பு கீழ்நோக்கி. கீழே தொங்குற காம்புகளை மட்டும் எண்ணினா தாளம் கிடைச்சுடும்.

ஆறெட்டு:

5-வது பார் 96-ல் 1, 4, 5 / 1, 3, 5 சரியா விழுது. 9-வது பாரில் டையை மறுபடி அடிச்சுட்டு இருந்தேன், அதுதான் பெரிய தப்பு. ஒரு சந்தேகம்: அங்கே பெரிய சுரம் ரெண்டாவது பீட்டில் புதுசா ஒலிக்கணும்னா, டைக்கு அர்த்தமே இல்லையே?

வெள்ளைக்கட்டை:

தாளில் இருக்கிறது அலங்காரம் இல்லாத எலும்புக்கூடு. அதில் டை பெரிய சுரத்தின் மொத்த நீளத்தைக் காட்டுது: அஞ்சு க்வேவர். குட்டி நோட் முன்பாதி மூணை எடுத்துக்கிட்டதால உங்க கை பெரிய சுரத்தைத் தொடுறது ஒரே தடவை, டையோட ரெண்டாவது தலையில். அதை எடுக்கும்போது புது அழுத்தம் கொடுக்காதீங்க. குட்டி நோட்டோட ஸ்லர் கட்டி (இடைவெளி விடாம இணைச்சு), மூச்சு விடுற மாதிரி மெலிதா இறங்கணும். நீங்க மறுபடி அடிச்சதாச் சொல்றது முதல் பீட்டிலும் ரெண்டாவதிலும் பெரிய சுரத்தையே வாசிச்சதுன்னா, குட்டி நோட் போக வேண்டிய மூணு க்வேவரும் பறிபோயிருக்கும். பென்சிலால் அந்த முதல் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மேலே குட்டி நோட்டின் பெயரை எழுதி வச்சுக்கோங்க.