காத்தாடியிடம் காத்திருக்கக் கற்றது

எண்பதுகளின் கடைசியில், எங்கள் வங்கி ஊழியர்கள் சிலர் அலுவலகம் முடிந்த பிறகு ஒத்திகை பார்த்து நடத்திவந்த நாடகக் குழுவில் எனக்கு வேலைக்காரன் வேடம் கிடைத்தது. அரங்கேற்றத்தன்று என் முதல் வசனத்துக்கே சபை சிரித்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் மூச்சுவிடாமல் அடுத்த இரண்டு வசனங்களையும் கொட்டித் தீர்த்துவிட்டேன். சிரிப்பொலியில் அவை யார் காதிலும் விழவில்லை. கதையின் முடிச்சே அவற்றில்தான் இருந்தது என்பதால், இடைவேளை வரையில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இயக்குநர் திட்டவில்லை. "காத்தாடி ராமமூர்த்தி நாடகத்துக்குப் போய் வா. அவர் பேசுவதைக் கவனிக்காதே, பேசாமல் நிற்பதைக் கவனி" என்று மட்டும் சொன்னார்.

சோவின் 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் காத்தாடி என்னும் கார்ட்டூனிஸ்ட்டாக நடித்ததால், நகைச்சுவை நடிகர் ராமமூர்த்திக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவில் நடித்துவந்த அவர், பிறகு ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் என்ற தம் சொந்தக் குழுவைத் தொடங்கினார். நான் பார்த்தது அந்தக் குழுவுக்காக கிரேஸி மோகன் எழுதிய 'அய்யா அம்மா அம்மம்மா'. கதையை இங்கே விவரிக்கப்போவதில்லை. அன்று நான் கதையைக் கவனிக்கவும் இல்லை.

அந்தக் காலத்துச் சபா மேடையில் மைக் மேலேயிருந்து தொங்கும். அதன் அடியில் வந்து நின்றால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் அடியெண்ணி நடந்துபோய், மைக்கை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல வசனத்தைச் சொல்வோம். காத்தாடியோ ஏதோ வேலையாக வந்தவர்போல அங்கே வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, தாம் சொன்னது வேடிக்கையான பேச்சு என்பதே தெரியாத முகம். வசனம் விழுந்து சபை சிரிக்கும்போது அவர் அப்படியே நிற்பார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கி, முழுதாக அடங்குவதற்குச் சற்று முன்னால் அடுத்த வார்த்தையை எடுப்பார். முழுதும் அடங்கிய பின் பேசினால் சூடு ஆறிவிடும், உச்சத்தில் பேசினால் வசனம் வீணாகும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதைவிட முக்கியமாக, எதிரில் நிற்பவர் பேசும்போது அவர் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்டார். எங்கள் குழுவில் எல்லோரும் அடுத்தவர் எப்போது முடிப்பார் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம் (நான்தான் அதில் முதல் குற்றவாளி).

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் இரண்டு வார்த்தை பேச ஆசைதான். படுதாவுக்கு அருகில் கூட்டத்தைப் பார்த்துக் கூச்சம் வந்து, கடைசிப் பேருந்தைச் சாக்காகச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

எங்கள் நாடகத்தின் இரண்டாவது காட்சி அடுத்த மாதம் நடந்தது. அதே முதல் வசனத்தைச் சொன்னேன், சபை சிரித்தது, காத்தாடியை நினைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். சிரிப்பு இறங்குவதற்காக நான் காத்திருக்க, ஒத்திகையில் ஒருநாளும் நான் இவ்வளவு நேரம் வாய்மூடிப் பார்த்திராத எங்கள் ப்ராம்ப்டர், வசனம் மறந்துவிட்டதென்று பதறி, பக்கத் தட்டியின் மறைவிலிருந்து அடுத்த வரியை உரக்க எடுத்துக்கொடுத்தார். தொங்கிய மைக் அதையும் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றைய நாடகத்தின் மிகப் பெரிய சிரிப்பு அவருக்குத்தான் கிடைத்தது. அது அடங்கும்வரையிலும் நான் காத்திருந்தேன்.