ஸ்கிராபிள் உலகப் போட்டிக்கு ‘போலிச்சொல்’ வேண்டாம், ‘செல்லாச்சொல்’ சரியா இருக்கும்

ஐயா, வணக்கம்.

எழுத்துக்கட்டைகளை பலகையில அடுக்கி சொல் கட்டுற ஸ்கிராபிள் ஆட்டத்தோட உலக சாம்பியன்ஷிப் பத்தின கட்டுரைக்காக நீங்க போட்ட தமிழ்க் கலைச்சொல் பட்டியல் பார்த்தேன். எழுத்துக்கட்டை, வெற்றுக்கட்டை, பலகை எல்லாம் எனக்கு சம்மதம். ஆனா ‘ஃபோனி’க்கு (ஆட்டத்துக்கான சொல்பட்டியல்ல இல்லாத சொல்) போலிச்சொல்லுன்னும் ‘சேலஞ்ச்’சுக்கு (எதிராளி வச்ச சொல் செல்லுமான்னு கேக்குறது) சவால்னும் வச்சிருக்கீங்களே, இந்த ரெண்டும் வேண்டாம்னு நினைக்கிறேன்.

முதல்ல போலி. நம்ம இலக்கணத்துல இதுக்கு ஏற்கெனவே வேற வேலை இருக்கு. பந்தல் பந்தர் ஆகுறது கடைப்போலி, இல்முன் முன்றில் ஆகுறது இலக்கணப்போலி, ரெண்டுமே நல்ல தமிழ்ச்சொல்தான், யாரும் தப்புன்னு சொல்றதில்ல. தமிழ் படிச்ச ஒருத்தர் கட்டுரையில ‘போலிச்சொல்’லுன்னு பார்த்தா அங்கதான் போவார். அதைவிட பெரிய சிக்கல், போலின்னா பொய்யான சொல்லுங்கிற அர்த்தம் வந்துடுது. இந்த ஆட்டத்துல ஒரு சொல் உண்மையா பொய்யாங்கிறது கேள்வியே இல்ல, போட்டிக்குன்னு வச்சிருக்குற சொல்பட்டியல்ல இருக்கா இல்லையா அவ்வளவுதான். ஸ்கிராபிள் சாம்பியன் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015ல பெல்ஜியத்துல நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில ஜெயிச்சாரே, அவருக்கு பிரெஞ்சு பேசவே வராது, சுமார் ஒன்பது வாரத்துல பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டு போய் உக்காந்தார், அப்புறம் 2024ல ஸ்பானிஷ்லயும் ஜெயிச்சார். இங்கிலீஷ்ல 2007 மும்பையில தொடங்கி அஞ்சு தடவை பட்டம். அவர் அடுக்குற சொல்லுக்கு அர்த்தம் தெரியணும்னு அவசியமே இல்ல. அதே மாதிரி வட அமெரிக்காவுல ஒரு பட்டியல், உலகப் போட்டியில காலின்ஸ் பட்டியல், அதனால ஒரு இடத்துல எடுபடுற சொல் இன்னொரு இடத்துல எடுபடாது. அதைப் போலின்னு எப்படி சொல்றது?

செல்லாக்காசு, செல்லாத ஓட்டுன்னு சொல்றோமே, அதே கணக்குல செல்லாச்சொல்னு வச்சா கச்சிதமா பொருந்தும். காசு நிஜமான காசா இருந்தாலும் இந்த ஊர்ல செல்லாதுன்னு சொல்றோம்ல, அந்தப் பொருள்தான் இங்க வேணும்.

அடுத்தது சவால், அதுக்கு பதிலா ‘ஆட்சேபம்’னு வைக்கலாம். சவால்னா வர்றியா மோதிப்பாக்கலாம்னு கூப்பிடுறது. ஆட்டத்துல நடக்குறது வேற. எதிராளி ஒரு சொல்லை வச்சதும் எனக்கு சந்தேகம் வந்தா கடிகாரத்தை நிறுத்திட்டு ரெண்டுபேரும் எழுந்து கம்ப்யூட்டர்கிட்ட போய் டைப் பண்றோம், ஒரே நேரத்துல மூணு சொல் மேல சந்தேகப்பட்டாலும் மொத்தமா செல்லும் இல்லாட்டி செல்லாதுன்னுதான் பதில் வரும், எது தப்புன்னு அது காட்டிக்கொடுக்காது. செல்லலைன்னா கட்டையை எடுத்துக்கிட்டு அந்த முறைக்கு பூஜ்யம். செல்லுச்சுன்னா ஆட்சேபிச்சவருக்கு அபராதம், சர்வதேசப் போட்டியில பொதுவா 5 பாயிண்ட், வட அமெரிக்க விதிப்படி அவர் ஆடுற ஒரு வாய்ப்பே போயிடும். யாருமே வாய் திறக்கலைன்னா செல்லாச்சொல் கூட பலகையில பாயிண்டோட நின்னுடும்! அதனால அமெரிக்க ஆட்டத்துல துணிஞ்சு வச்சுப்பாக்குறது அதிகம், கேக்குறவனுக்கு பயம் ஜாஸ்தி. இந்த வித்தியாசத்தை கட்டுரையில விளக்கணும்னா சவால்ங்கிற சொல் இடைஞ்சல்தான் பண்ணும்.

பழைய இலக்கண உரைகள்ல மறுத்துக் கேக்குறதுக்கு தடை, அதுக்கு பதில் சொல்றதுக்கு விடைன்னு அழகா இருக்கு, நானே முதல்ல ‘தடை’ வைக்கலாமான்னு யோசிச்சேன், ஆனா இன்னைக்கு தடைன்னா அரசாங்கம் போடுற தடைதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. ஆட்சேபம் வடமொழின்னு சிலபேர் முகம் சுளிப்பாங்க, பரவாயில்ல, ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னு எல்லா கூட்டத்துலயும் கேக்குறோம், யாருக்கும் அகராதி தேவைப்படாது. ‘அவர் வைத்த சொல்லை எதிராளி ஆட்சேபித்தார், செல்லாது என வந்தது’ன்னு எழுதிப்பாருங்க, ஸ்கிராபிள் தெரியாதவருக்கும் புரியும்.

ஏழு கட்டையையும் ஒரே முறையில வச்சு 50 பாயிண்ட் கூடுதலா வாங்குறதுக்கு பிங்கோன்னே விட்டிருக்கீங்க. அது வேற ஒரு ஆட்டத்தோட பேரு, அதனால எடுத்துடுங்க. தனியா பெயர்ச்சொல் கிடைக்குற வரைக்கும் ‘ஏழையும் இறக்கினார்’னு வினையாவே எழுதிடலாம், ‘ஏழிறக்கம்’னு ஒண்ணு மனசுல இருக்கு, மத்தவங்க என்ன சொல்றீங்க?